ஓட்டுக்குள் ஒரு கணக்கு – 9: பொன் விகிதம் இல்லாத சுருள்

காரை மண்மேடுகளின் அம்மோனைட் புதைபடிவங்களையும், ஓட்டுச் சுருளுக்கு ஹென்றி மோஸ்லி 1838இல் எழுதிய கணக்கையும் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் ஓட்டுக்குள் இருக்கும் அறைச்சுவர்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் மோஸ்லியின் அளவுகளில் இருக்கும் ஓர் எண்ணைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நாட்டிலஸ் ஓட்டில் மையத்திலிருந்து ஒரே திசையில் அளந்துகொண்டு போனால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் போல மூன்று மடங்கு அகலம். பொன் விகிதத்துக்கு எடுத்துக்காட்டாக இதே ஓட்டின் படத்தைத்தான் எங்கும் அச்சிடுகிறார்கள். பொன் சுருள் கால் சுற்றுக்கு 1.618 மடங்கு விரியும். முழுச் சுற்றுக்கு அது 6.85 மடங்கு. மூன்று எங்கே, ஏழுக்குச் சற்றே குறைந்த இந்த எண் எங்கே! அரைச் சுற்றுக்கு அளந்தால் 1.73 வருகிறதே, அது 1.618க்குப் பக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கோணத்தை நம் வசதிக்குத் தேர்ந்துகொள்ளலாம் என்றால் சுற்றுக்குச் சுற்று ஒரே மடங்கில் விரியும் மடக்கைச் சுருள் எதிலும் 1.618ஐக் கண்டுபிடித்துவிடலாம். எல்லாச் சுருளுக்கும் பொருந்தும் ஒன்று நாட்டிலஸின் தனிச்சிறப்பு ஆகாது.

ஓட்டுக்குத் தேவைப்படுவது இதைவிட எளிய விதி. விலங்கு வாய்விளிம்பில் மட்டுமே புதிதாகச் சேர்க்கிறது. பழைய பகுதி மாறுவதில்லை. சேர்ப்பது ஒரே விகிதத்தில் பெருகுகிறது. இந்த மூன்றும் இருந்தால் மடக்கைச் சுருள் தானே வந்துவிடும். எத்தனை மடங்கு என்பது இனத்துக்கு இனம் வேறு. 1966இல் டேவிட் ராப் விரிவு வீதம், அச்சிலிருந்து தள்ளி நிற்கும் தொலைவு, அச்சின் வழியே இறங்கும் அளவு, வாயின் வடிவம் என்ற நான்கு அளவுகளைக் கொண்டு கணினியில் ஓடுகளை வரைந்தார். அம்மோனைட்டுகளில் பெரும்பாலானவை தட்டையாகச் சுருள்வதால் அவற்றுக்கு மூன்றாவது அளவு சுழியம்.

விதி இவ்வளவு உறுதியானது என்றால் வழுதாவூர்ப் பக்கத்து பாக்குலைட்டிஸ் என்ற அம்மோனைட் ஏன் கோல் போல நேராக இருக்கிறது? எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்த தென்னிந்தியப் புதைபடிவங்களிலேயே அது இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் அதுவும் சிறு சுருள்தான்; பிறகு நிமிர்ந்துவிடுகிறது. ஆகவே ராப்பின் எண்கள் ஆயுள் முழுக்க மாறாதவை அல்ல. இந்த மறுப்பு நியாயமானது. அவருடைய சமன்பாடு வடிவத்தை விவரிக்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. காரணத்தைத் தேடியவர்கள் சிரா, மோல்டன், கோரியேலி ஆகிய மூவர். ஓடுகளின் முட்களுக்கு 2013இல் அவர்கள் சொன்ன விளக்கம் ஆம்பூரில் ஷூ தைப்பவர்களுக்கு உடனே விளங்கும். ஷூவின் மேல்தோலை (அப்பர்) கால் வடிவ அச்சின் (லாஸ்ட்) மேல் இழுத்துப் பதிக்கும்போது முனை வளைவில் தோல் மிஞ்சினால் மடிப்பு விழுகிறது அல்லவா? அதுபோல, ஓட்டின் விளிம்பைவிட விலங்கின் மென்தோல் விளிம்பு நீண்டுவிட்டால் அது மடிகிறது. அந்த மடிப்பின் மேல் சுண்ணாம்பு படிந்து இறுகினால் முள். முள்ளுக்கென்று தனிக் கட்டளை எதுவும் வேண்டியதில்லை. அம்மோனைட்டின் வரிமேடுகளுக்கும் 2015இல் இதே வழியில் கணக்குப் போட்டார்கள்: ஓடு வேகமாக விரிந்தால் வரிமேடு மங்கும். அந்தக் கணக்கின்படி, நாட்டிலஸ் வழவழப்பாக இருப்பதற்கு அந்த மூன்று மடங்கு விரிவே காரணமாகிறது. பொன் விகிதத்தால் இதில் ஒரு வரியைக்கூட விளக்க முடியாது.

பாடநூலிலும் சுவரொட்டியிலும் நாட்டிலஸ் படத்தைப் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை அளவுகோலை வைத்துப் பாருங்கள். அறைச்சுவர்கள் அடுத்த வாரம்.