வெட்கம் வேண்டாம், விளக்கம் வேண்டும்!



பெற்ற தாயிடமும் சொல்லாமல், கட்டிய கணவரிடமும் சொல்லாமல் பெண்கள் மறைத்து வைக்கும் தொல்லை ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், தயிர்த் திரளைப்போல் வெள்ளைப்படுதல். "உடம்புச் சூடு" என்று இளநீரோடு விட்டுவிடுவோரும் உண்டு. "கெட்ட நோயோ" என்று அஞ்சி அழுவோரும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

இதற்குக் காரணம் காண்டிடா என்னும் ஈஸ்ட். கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு இது தூரத்து உறவு. பலருடைய உடம்பில் இது எப்போதும் சிறிதளவு இருக்கிறது. நல்ல கிருமிகள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் காவல் தளர்ந்தால் பெருகிவிடும். பெண்களில் நால்வரில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காவல் எப்போது தளரும்? புண்ணுக்கோ இருமலுக்கோ சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரை, கெட்ட கிருமியோடு நல்லதையும் அழித்துவிடும்போது. கர்ப்ப காலத்தில். வாசனைச் சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவும்போது. ஈரமும் புழுக்கமும் ஈஸ்ட்டுக்கு உரம். கோல சிலாங்கூர்த் தோட்டத்தில் நனைந்த காற்சட்டையோடு உரம் போடுபவரும், புக்கிட் செந்தோசாவில் தொழிற்சாலை பஸ் ஏறி இறுக்கமான உடையில் நாள் முழுதும் நிற்பவரும் இதைக் கவனிக்க வேண்டும். வீடு வந்ததும் உடை மாற்றுங்கள். பருத்தி உள்ளாடை அணியுங்கள். வெறும் தண்ணீரால் வெளியே மட்டும் கழுவுங்கள்.

மருந்து உண்டா? உண்டு. 1950இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் நிஸ்டாட்டின் என்ற மருந்தை உலகுக்கு அறிவித்தனர். இன்று பெரும்பாலும் தருவது குளோட்ரிமசோல். உள்ளே வைக்கும் மாத்திரை. முதல் முறையானாலும், கர்ப்பமானாலும் டாக்டரிடம் காட்டிய பிறகே மருந்து வைக்க வேண்டும். துர்நாற்றம், அடிவயிற்று வலி, இரத்தக் கசிவு இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம்.

முக்கியமான ஒன்று. குணமாகியும் திரும்பத் திரும்ப வருகிறதா? இரத்தத்தில் இனிப்பைச் சோதியுங்கள். இனிப்பு நீர் ஈஸ்ட்டுக்கு விருந்து. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. நம் இந்தியர்களிடையே அதைவிட அதிகம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். பெண் தாதியிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். அரிப்பை மறைத்தால், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் பெரிய நோயையும் சேர்த்தே மறைத்தவர்களாவோம்.