ஆலமரத்தடிக் காவல்

அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கு ஆலமரம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அதன் அடிமரத்தைத் தேடுவார்கள். அது அங்கே இல்லை. 1989-இல் அடித்த புயலில் சாய்ந்துவிட்டது. சுமார் 450 வயது என்று சொல்லப்படும் அந்த மரம் இன்றும் தழைத்து நிற்பது விழுதுகளின் பலத்தில்தான்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஓர் ஆலமரம் உண்டு. பயனர்கள் கூடிப் பேசும் பொதுப்பக்கத்தின் பெயர் 'ஆலமரத்தடி'. ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த இடத்துக்கு ஊர்க் குழாயடியின் பெயர்; தமிழில் வந்தபோது அது மரத்தடியானது. இங்கும் அடிமரம் கிடையாது. சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு எதுவும் கட்டுரைகளைப் பார்த்து அச்சுக்கு அனுப்புவதில்லை. விழுதுகளாக நின்று தாங்குகிறவர்கள் தன்னார்வலர்கள்.

2003 செப்டம்பரில் இந்தத் தளம் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் இ. மயூரநாதன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. எழுத்தாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் கிடைத்துவந்த கௌரவம் கலைக்களஞ்சியம் எழுதிய ஒருவருக்கும் கிடைத்தது மிகவும் நியாயம். 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

எழுதுவது பாதி வேலை. எழுதியதைக் காப்பது மீதிப் பாதி.

'அண்மைய மாற்றங்கள்' என்றொரு பக்கம் இருக்கிறது. யார், எந்தக் கட்டுரையில், எத்தனை பைட்டுகளைக் கூட்டினார், குறைத்தார் என்பது வரிவரியாக அதில் வந்துகொண்டே இருக்கும். கூட்டியது பச்சையில், குறைத்தது சிவப்பில். திடீரென்று பெரிய எண் ஒன்று சிவப்பில் தெரிந்தால், பார்த்துக்கொண்டிருப்பவர் உடனே அந்தக் கட்டுரையைத் திறப்பார். யாரோ பாதியை அழித்துவிட்டுத் தன் நண்பன் பெயரை எழுதிவைத்திருக்கலாம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு சேமிப்பும் தனிப்பதிப்பாகப் பத்திரமாக இருக்கும். அதனால் முந்தைய பதிப்புக்கு மீளமைக்க ஓரிரு சொடுக்குகள் போதும். அதை எந்தப் பயனரும் செய்யலாம். பக்கத்தையே நீக்குவது, பூட்டுவது, தொல்லை தருபவரைத் தடைசெய்வது ஆகியவை மட்டும் நிர்வாகிகளின் கையில். அவர்களும் சக பயனர்களின் ஆதரவு பெற்று வந்தவர்கள்தான்; ஊதியம் இல்லை.

இந்தக் காவல் எவ்வளவு வேகமானது? ஃபெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் குழு ஆங்கில விக்கிப்பீடியாவை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு கணக்குச் சொல்கிறது: பக்கத்தையே துடைத்துப்போட்ட சம்பவங்களில் பாதி, மூன்று நிமிடத்துக்குள் சரிசெய்யப்பட்டிருந்தன. தமிழ் போன்ற மொழிகளில் அத்தனை கண்கள் இல்லை. கைகொடுப்பது தமிழர் பரவியிருக்கும் பரப்பு. சென்னை தூங்கப் போகும் நேரத்தில் கனடாவில் பகல். இங்கே விடிவதற்குள் ஆஸ்திரேலியாவில் ஒருவர் எழுந்துவிடுவார்.

விசமத்தைப் பிடிப்பது சுலபம். நல்லெண்ணத்தோடு வரும் இருவருக்கு நடுவில் நிற்பதுதான் சிரமம். சென்னைக்காரர் 'ஜெர்மனி' என்பார், ஈழத்தவர் 'யேர்மனி' என்று எழுதுவார், கிரந்தம் வேண்டாம் என்பவர் 'செருமனி'யே சரி என்பார். மூவர் பக்கமும் காரணம் உண்டு. உரையாடல் பக்கத்தில் மூவரையும் பேசவைத்து, யாரும் கோபித்துக்கொண்டு போய்விடாமல் ஒரு தலைப்பில் நிறுத்தவேண்டும். எந்த மென்பொருளாலும் ஆகாத காரியம் இது.

பெரிய சோதனை 2009 வாக்கில் வந்தது. கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களைக் கூலிக்கு அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு இந்திய மொழிகளில் கட்டுரைகளை ஏற்றத் தொடங்கியது. எண்ணிக்கை கூடியது, தமிழ் இடறியது. தமிழ் வாசகர் தேடாத தலைப்புகள், இயந்திரத்தனமான வாக்கியங்கள், குறையைச் சுட்டினால் பதில் சொல்ல ஆளில்லாத உரையாடல் பக்கங்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் கதவைச் சாத்தவில்லை. நிறுவனத்தோடு பேசினார்கள், தலைப்புகளையும் தரத்தையும் பற்றி நிபந்தனை வைத்தார்கள். இந்த அனுபவத்தை 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. ரவிசங்கர் எடுத்துவைத்தார். சம்பளமில்லாத சிலர் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிடம், 'எங்கள் மொழியில் இப்படி எழுதக்கூடாது' என்று சொன்ன அந்தத் துணிவு இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும்.

இதுபோன்ற உழைப்புக்கு விலை போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ரெடிட் என்ற விவாதத் தளத்தின் தன்னார்வ மட்டுறுத்துநர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணி நேரம் உழைக்கிறார்கள், ஆண்டுக்கு அதன் மதிப்பு 34 லட்சம் டாலர் என்று 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ரெடிட் லாபத்துக்கு நடப்பது. விக்கிப்பீடியா அப்படியல்ல, வாசகர் நன்கொடையில் ஓடுகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் சேர எந்தத் தேர்வும் இல்லை. ஒரு கட்டுரையில் கண்ணில் பட்ட எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தால் போதும். அடுத்த நொடியே அது 'அண்மைய மாற்றங்கள்' பட்டியலில் ஒரு வரியாக வந்து நிற்கும்; எங்கோ ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார்.