காப்பியும் வயல் உழைப்பும்

கடலூர், சிதம்பரம் பக்கங்களில் விடியுமுன் வயலுக்குப் புறப்படுவோர் நீராகாரமோ கம்பங்கூழோ அருந்திச் செல்வது முற்கால வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைக் காப்பி மெள்ள மெள்ளப் பிடித்துக்கொண்டது. வீராணம் ஏரிப் பாசனத்தில் சம்பா நடவு நடக்குங் காலத்தில், ஒரு டம்ளர் காப்பியோ தேநீரோ மாத்திரம் அருந்திச் சேற்றில் இறங்கும் பெண்கள் இன்றும் உண்டு. இதனால் உண்டாகும் நன்மை தீமைகளைப் பண்ணை நடத்துவோர் அறிந்திருத்தல் அவசியம்.

காப்பியின் குணம்

காப்பிக்கொட்டையிலுள்ள காபீன் என்னும் பொருள் மூளையைத் தூண்டி, சோர்வையும் தூக்கத்தையும் சிறிது நேரம் விலக்குகிறது. அது பசியை மறைக்குமேயன்றித் தேகத்துக்கு வலுவூட்டாது. கலந்த பாலும் சர்க்கரையும் தரும் போஷணை சொற்பமே.

எனினும் காப்பி நஞ்சன்று. அளவாக அருந்துவோருக்கு நீரிழிவு சற்றுக் குறைவாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. காப்பி புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லையென உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016-ல் தெரிவித்தது. ஆனால் 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் எதனை அருந்தினாலும் உணவுக்குழாய்க்குக் கேடு விளையலாமென்றும் அது எச்சரித்தது.

இரும்புச்சத்துக்கு வரும் நஷ்டம்

மண்ணில் இட்ட மணிச்சத்து சுண்ணாம்புடன் பிணைந்து பயிருக்குக் கிட்டாமற் போவதை விவசாயிகள் அறிவர். அவ்வாறே காப்பியிலும் தேயிலையிலுமுள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, இரத்தத்தில் சேரவொட்டாமல் தடுக்கின்றன. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை உண்டு. இரத்தங் குன்றியவர்க்கு மூச்சு வாங்கும், வேலையும் குறையும். கர்ப்பிணியாயின் சிசுவின் எடையும் குறையக்கூடும்.

அளவும் வேளையும்

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024-ல் வெளியிட்ட உணவு விதிகளின்படி, ஒரு நாளில் காபீன் 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. டிகாக்ஷன் காப்பி 150 மில்லி லிட்டரில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும், அதே அளவு தேநீரில் 30 முதல் 65 வரையிலும் காபீன் உண்டு. ஆகவே பின்வருவன கைக்கொள்ளத்தக்கவை:

1. இரண்டு வேளைக் காப்பி போதுமானது. தூக்கங் கெடுமாதலால் மாலைக்குப் பின் வேண்டாம்.

2. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, தேநீர் அருந்தலாகாது.

3. காலையில் நீராகாரம், பழையது, கூழ் இவற்றுள் ஒன்றை முதலில் உண்க. முருங்கைக்கீரையுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்கு சேரும்.

4. சர்க்கார் சுகாதார நிலையங்களில் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியுடன் விழுங்கலாகாது. இதனைக் கிராம அதிகாரிகள் கர்ப்பிணிகளின் வீட்டாருக்கு எடுத்துரைத்தல் நலம்.

5. குழந்தைகளுக்குக் காப்பி கொடாதிருப்பதே உத்தமம்.

நடவு நாளில் காலை பத்து மணிக்கு வரப்புக்கு வரும் காப்பித் தூக்குடன் ஒரு பானைக் கூழும் வருமாயின், பண்ணைக்கு ஆகும் செலவு அற்பம். கூழை முதலில் உண்டு, காப்பியை ஒரு மணி நேரங் கழித்து அருந்துவதால் நடவு எவ்விதத்திலும் பின்தங்காது. நடுவோரின் தேகபலம் குன்றாமல் நிற்கும்.