வட்டம் கறுப்பாக்கவும் தெரிய வேண்டும், வரிசையாக எழுதவும் தெரிய வேண்டும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பொதுத்தேர்வுக்கு 100 மதிப்பெண். அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14 மட்டுமே. பிளஸ் 2 இயற்பியலில் 70 மதிப்பெண்ணுக்கு 15. மற்றதெல்லாம் எழுதிக் காட்ட வேண்டியவை.

இப்படி எழுதியே பழகிய பிள்ளையிடம், பள்ளியைத் தாண்டியதும் வேறு தாளை நீட்டுகிறார்கள். நீட் தேர்வில் 180 வினாக்கள், குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். அத்தனையும் கொள்குறி வினாக்கள். ஒரு வரிகூட எழுத வேண்டாம், வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். எட்டாம் வகுப்பிலேயே வரும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வும் இப்படித்தான்.

களமருதூர் முதல் கல்வராயன் மலை வெள்ளிமலை வரை, வீட்டில் முதல் ஆளாகப் பத்தாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஏராளம். கூலி வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். இந்த இரண்டு வகைத் தேர்வில் எது அவர்களுக்கு நல்லது?

பிளஸ் 2 மதிப்பெண் திறந்த கதவு

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. நகரத்தில் பயிற்சி வகுப்புக்குப் போக முடிந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. 2006இல் சட்டம் இயற்றி, 2007 முதல் அதை எடுத்தார்கள். அதன்பின் 2016 வரை பிளஸ் 2 மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. ஊர்ப் பள்ளியில் படித்துத் தமிழில் எழுதிய பிள்ளையும் டாக்டர் ஆக வழி இருந்தது.

2017இல் நீட் வந்தது. அதன் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அறிக்கை தந்தது. 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் தமிழ்வழி மாணவர்கள் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அது 2 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை யாரும் மறக்க முடியாது. சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், தலித் மாணவி. பிளஸ் 2வில் 1200க்கு 1176 எடுத்தவர் நீட்டில் 720க்கு 86 எடுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போய் நியாயம் கேட்டார். 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். 1176 எடுத்த மூளைக்கு 86தான் மதிப்பு என்று யாராவது சொல்ல முடியுமா? ஒரு பாடத்திட்டத்தில், ஒரு முறையில் படிக்க வைத்துவிட்டு, வேறு பாடத்திட்டத்தில், வேறு முறையில் சோதித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

எழுத்துத் தேர்விலும் குறை உண்டு

அதற்காக எழுத்துத் தேர்வு குறையே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. பிளஸ் 2 மதிப்பெண்ணே எல்லாம் என்று இருந்தபோது, அதையும் கடைச் சரக்காக்கினார்கள். பல தனியார் விடுதிப் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே உருப்போட வைத்தன. பணம் கட்டியவர்கள் சென்டம் வாங்கினார்கள்.

இன்னொரு குறை, திருத்துபவரின் மனம். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இந்தியாவில் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. மாணவர்களின் விடைத்தாள்களின் முகப்பில் சாதி உள்ளிட்ட விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்குச் சராசரியாகச் சற்றுக் குறைந்த மதிப்பெண்ணே விழுந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால், ஒரு மதிப்பெண்ணில் இடம் போகும் நாட்டில் அது சிறியது அல்ல.

நம் பொதுத்தேர்வில் பெயர் உள்ள பகுதியைப் பிரித்துவிட்டுத்தான் விடைத்தாளைத் திருத்தப் போடுகிறார்கள். அது நல்ல பாதுகாப்பு. பிளஸ் 2வில் பள்ளியே போடும் 10 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கு அந்தத் திரை கிடையாது.

இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, ஆனால்...

கொள்குறித் தேர்வின் பெரிய நன்மை இதுதான். ஓஎம்ஆர் தாளைப் படிக்கும் இயந்திரத்துக்கு நம் தெருப் பெயர் தெரியாது. கையெழுத்து அழகா என்று அது பார்க்காது. குரூப் 4 மூலம் பத்தாம் வகுப்புத் தகுதியோடு கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் வேலைக்கு நம் பிள்ளைகள் போகும் வழி இது.

ஆனால், அதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும். ஒன்றுமே தெரியாத வினாவை எப்போது விடுவது, இரண்டு விடைகளை ஒதுக்க முடிந்தால் எப்போது துணிவது என்பதும் ஒரு கணக்கு. என்எம்எம்எஸ் தேர்வில் தவறுக்குக் கழிவு கிடையாது. எனவே, எந்த வினாவையும் விடாமல் விடையளிப்பதே புத்தி. இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பு நேரம் போதும். பயிற்சி மையங்கள் இதையும் சேர்த்துத்தான் காசுக்கு விற்கின்றன.

என்எம்எம்எஸ் தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு 9ஆம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குத் தகுதி மதிப்பெண் 32 விழுக்காடு. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். கூலி வேலை செய்யும் வீட்டில், பத்தாவதோடு படிப்பு நிற்பதைத் தடுக்கக்கூடிய பணம் இது.

எழுத்து ஏன் நமக்கு உயிர்

கொள்குறியில் மட்டும் கெட்டிக்காரனாக வளர்ந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கலாம். ஊருக்கு அவன் வேறு ஒரு விதத்திலும் தேவைப்படுகிறான். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால் தெரியும். சுடுகாட்டுப் பாதை, பட்டா, சாதிச் சான்று என்று நம் மக்கள் மனுவோடு நிற்பார்கள். அந்த மனுவைக் காசு கொடுத்து எழுதி வாங்கியவர்கள் பலர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுக்கும்போது, என்ன நடந்தது, எந்த நேரம், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும். வாய்மொழிப் புகாரைக் காவல் நிலையத்தில் எழுதினால், கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று 2015 திருத்தம் சொல்கிறது. படித்துக் காட்டும்போது விட்டுப்போனதைப் பிடிக்க, எழுதிப் பழகிய மூளை வேண்டும். நெடுவினாவுக்கு விடை எழுதும்போது பிள்ளை பழகுவது இந்த வரிசையைத்தான். அம்பேத்கர் நமக்கு விட்டுச்சென்ற ஆயுதமும் எழுத்துதான்.

பள்ளியிலேயே இரண்டும்

ஆக, இரண்டில் ஒன்று போதும் என்று நம் பிள்ளைகள் இருக்க முடியாது. இரண்டையும் இலவசமாகச் சொல்லித்தர வேண்டிய இடம் பள்ளியும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர் விடுதிகளும்தான்.

வழி கடினமானது அல்ல. இன்று பல பிள்ளைகள் பாடத்தின் கடைசியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாவுக்கு, ‘ஏழாவது கேள்விக்கு இ’ என்று எழுத்தை மனப்பாடம் செய்கிறார்கள். விடைகளின் வரிசையை மாற்றிக் கேட்டால் தடுமாறுவார்கள். இதை விட்டு, சரியான விடையைக் குறித்தபின், மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதச் சொல்லலாம். ஒரே வினாவில் கொள்குறியும் பழகும், எழுத்தும் பழகும். ஆறாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு நாள் போதும்.

பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்எம்எம்எஸ் தேர்வுக்கு விண்ணப்பித்தார்கள்? ஓஎம்ஆர் தாளில் அவர்களுக்கு மாதிரித் தேர்வு வைத்தீர்களா? மனுவும் கட்டுரையும் சொந்தமாக எழுத வாரத்தில் எத்தனை வகுப்பு? ஊரில் கல்லூரிக்குப் போகும் அண்ணன்களும் அக்காக்களும் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், தெருவிலேயே இந்தப் பயிற்சி நடக்கும். நகல் எடுக்கும் செலவுதான்.

தேர்வு முறையை டெல்லியும் சென்னையும் மாற்றிக்கொண்டே இருக்கும். எந்தத் தாளை நீட்டினாலும் தயங்காமல் வாங்கும் பிள்ளையை ஊர் உருவாக்க வேண்டும்.