வேலையும் வீடும் – இரண்டையும் தாங்கும் மனம்



தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே பல. கணவனும் மனைவியும் சேர்ந்து பாடுபடுவது நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் பால்மரக் காட்டில் ஆண்களுக்கு இணையாக நிரை பிடித்தவர்கள். ஆனால் அன்று அந்த உழைப்பைத் தாங்கிய சில தூண்கள் இன்று இல்லை. அவை எவை, அவற்றின் இடத்தில் எவற்றை நிறுத்துவது, பெற்றோரின் மனம் நலிந்து போகாமல் காப்பது எப்படி என்பவற்றை இன்று பார்ப்போம்.

பால்வெட்டு ஏன் விடியற்காலையில் தொடங்குகிறது? குளிர்ந்த வேளையில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். உளி பட்டதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், பாலோட்டம் குறையும். ஆகவே மரத்தின் இயல்புக்கு ஏற்ப மனிதர் எழுந்தாக வேண்டும். பொழுது புலரும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். அதை யார் பார்ப்பது?

அன்று அதற்கு விடையாக இருந்தது ஆயாக் கொட்டகை. இருட்டிலேயே குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிச் சென்று ஆயாவிடம் விட்டுவிட்டுத் தாய் மலைக்காட்டுக்குப் போவாள். கொட்டகைகளில் பல வசதிக் குறைவானவை. ஓர் ஆயாவுக்குப் பல குழந்தைகள் என்ற நிலையும் இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் வேலையிடமும் வீடும் குழந்தைக் காப்பகமும் ஒரே தோட்டத்தில் இருந்தன. லயத்தின் அடுத்த வீட்டில் அத்தையோ சின்னம்மாவோ இருந்தார். பிள்ளை அழுதால் கேட்க ஒரு காது இருந்தது.

இன்று செண்டாயான் வட்டாரத்தைப் பாருங்கள். சிரம்பானுக்கு அருகே ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற நகரம் எழுந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். இன்னும் தோட்டத்திலேயே வேலை செய்வோரும் உண்டு. லயம் கலைந்தபோது வீடு மட்டும் மாறவில்லை. அடுத்த வீட்டு அத்தையும் ஆயாக் கொட்டகையும் சேர்ந்தே போயின. வேலைச் சுமை அப்படியே இருக்க, அதைத் தாங்கிய தோள்கள் குறைந்துவிட்டன. இதுதான் இன்றைய சிக்கலின் வேர்.

ஒரு தாயின் நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 4 மணிக்கு எழுகிறாள். சமைத்து, பிள்ளைகளின் பள்ளி உடையை எடுத்துவைத்து, வேலைக்குப் போகிறாள். பிற்பகல் திரும்பியதும் துணி, பாத்திரம், சமையல், பிள்ளையின் பாடம், மாமியாருக்கு மருந்து. இரவு 10.30-க்குப் படுக்கிறாள். உறக்கம் ஐந்தரை மணி நேரம். வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து. நாளுக்கு ஒன்றரை மணி குறைந்தால் வாரத்திற்குப் பத்தரை மணி கடன். ஏறத்தாழ ஓர் இரவும் பாதியும் உறங்காததற்குச் சமம் அது. இந்தக் கடனை உடல் மட்டும் கட்டுவதில்லை; மனமும் கட்டுகிறது.

களைப்பு வேறு, மனச்சோர்வு வேறு. களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். மனச்சோர்வு ஓய்வெடுத்தாலும் விலகாது. உறக்கம் வராமை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, காரணமின்றி அழுகை, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தால் அது நோயின் அறிகுறி என்று கொள்ள வேண்டும். பிரசவமான தாய்மாருக்கும் இது வருவதுண்டு. 'காத்துக் கருப்பு' என்று சொல்லிக் காலம் கடத்தலாகாது. ஆண்களிடம் இது வேறு முகம் காட்டும். எரிந்து விழுவார், பேச்சைக் குறைப்பார், பாட்டிலைத் தேடுவார். குடித்தால் கவலை மறையும் என்பது பொய். குடி உறக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் சோர்வை மேலும் கூட்டும், சம்பளத்தையும் தின்னும்.

நேயர்களே, இதில் சட்டம் நமக்குத் தரும் துணையை அறிந்துகொள்வது அவசியம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் நாள் தொடங்கித் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கிறது. அதன்படி 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 98 நாளாயிற்று. அதாவது 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வகுத்த அளவும் இதுவே. தந்தைக்கு ஏழு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்திற்கு 30 நாள் முன்னதாகவே தெரிவிப்பது நல்லது. ஐந்து பிரசவம் வரை இது கிடைக்கும். வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. கர்ப்பமுற்ற காரணத்திற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. வேலை நேரத்தையோ வேலை செய்யும் நாளையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பதில்லை. ஆனால் கேட்கும் உரிமை இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்ட பிறகு வேலைக்கு வரும் ஷிப்டைக் கேட்பது பிச்சையன்று. ஐயம் இருந்தால் சிரம்பானில் உள்ள தொழிலாளர் இலாகாவிலோ, 1954-ஆம் ஆண்டில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொறுப்பாளரிடமோ விசாரிக்கலாம்.

குழந்தையை விடும் இடத்திலும் கவனம் தேவை. 'தாஸ்கா' எனப்படும் குழந்தைப் பராமரிப்பு இல்லங்கள் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஆள் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, வீட்டுக்குள் செய்ய வேண்டியவை. முதலாவதாக, கணவனும் மனைவியும் ஒரு தாளில் வீட்டு வேலைகளை எல்லாம் எழுதுங்கள். யார் எதைச் செய்கிறார் என்று பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு பெயரே திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்த பிறகு பங்கீடு செய்வது எளிது. தகப்பனுக்குக் கிடைக்கும் ஏழு நாள் விடுப்பு நண்பர்களோடு கொண்டாடுவதற்கு அன்று. குழந்தையின் துணி துவைப்பதற்கும், தாய் இரண்டு மணி நேரமாவது தொடர்ந்து உறங்குவதற்கும் தரப்பட்டது அது. இரண்டாவதாக, ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் வயதுக்கு ஏற்ற வேலையைச் சமமாகக் கொடுங்கள். மூன்றாவதாக, நாளுக்குக் கால் மணி நேரமாவது கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டுப் பிள்ளையோடு பேசுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் அன்று, அன்று நடந்ததைப் பற்றி. நான்காவதாக, அடுக்குமாடியிலோ தாமானிலோ இருந்தாலும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளை முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். லயத்தில் இருந்த நல்ல வழக்கத்தைப் புதிய இடத்திலும் நட்டு வளர்க்க முடியும்.

இவ்வளவு செய்தும் மனம் தேறவில்லையென்றால் உதவி தேடத் தயங்காதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மனநலத்தைச் சோதிக்கிறார்கள். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாபர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 'டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களே' என்ற அச்சம் வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து உண்பது போன்றதே இதுவும். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்தும் பேசலாம்.

வாழ்வே வேண்டாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அருகில் இருங்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற பழைய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. களைக்கொல்லி மருந்தை ஒருபோதும் வீட்டில் வைக்காதீர்கள். அதன் இடம் பூட்டிய ஸ்டோர்.

தோளில் தடி வைத்து இருபுறமும் பால்வாளி சுமந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஒரு பக்கம் கனத்தால் நடை தள்ளாடும், தோளும் புண்ணாகும். கனம் கூடும்போது வாளியை இறக்கி வைத்து, பக்கத்து நிரைக்காரரைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை. இன்றிரவே வீட்டில் அந்தத் தாளை எழுதத் தொடங்குங்கள்.