ஓடமும் திசையனும்

மேட்டூர் அணையைக் கடந்து காவிரி தெற்கு நோக்கிச் செல்கின்றது. கிழக்குக் கரையிலுள்ள பூலாம்பட்டியினின்று மேற்குக் கரையிலுள்ள நெரிஞ்சிப்பேட்டைக்கு மக்கள் ஓடமேறிச் செல்வர். நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தெற்கே இழுக்க, ஓடக்காரர் 4 கிலோமீட்டர் வேகத்தில் நேர் மேற்கே செலுத்துவதாகக் கொள்வோம். ஓடம் செல்லும் வேகம் யாது? தேர்வில் 7 என எழுதி மதிப்பெண் இழப்போர் பலர். அவர்கள் திசையை மறந்தவர்கள். அளவோடு திசையும் உடையதே திசையன். ஆகவே இரு வேகங்களையும் செங்கோணத்தில் அமைந்த அம்புகளாக வரைந்து பாருங்கள். கர்ணம் 5 ஆகும். ஆற்றின் அகலம் 400 மீட்டராயின், ஓடம் எதிர்த்துறைக்கு 300 மீட்டர் தெற்கே ஒதுங்கும்! நேரே சேர விரும்பினால், 5 கிலோமீட்டர் வேகத்தில் முனையைச் சற்று வடக்கே சாய்த்துச் செலுத்தவேண்டும். அவ்வேகத்தின் வடகூறாகிய 3 நீரோட்டத்தை ஈடுசெய்ய, மேற்கே 4 எஞ்சும். கணக்கு நூலைக் காணாத ஓடக்காரரும் முனையை நீரோட்டத்திற்கு எதிராகத் திருப்பியே துறையைவிட்டுப் புறப்படுகின்றார்.