அச்சுப் பிழையில் பிறந்தவளா இமோஜென்?

பெயர் சூட்டுவது பற்றி நமது அரங்கத்தில் பேச்செடுத்தால் தொலைபேசி மணி ஓய்வதே இல்லை. எண் கணிதம், நட்சத்திர எழுத்து, பாட்டி பெயர், சினிமா நடிகை பெயர் என்று ஆளுக்கொரு கட்சி! இவற்றுக்கு இடையே வந்த ஒரு கேள்வி மட்டும் வேறு ரகம். ஆங்கிலேயர் ஒருவரை மணந்துகொண்ட நம் சகோதரி ஒருவர் கேட்டார்: "அக்கா, எங்கள் மகளுக்கு இமோஜென் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரே அச்சுப் பிழையால் வந்தது என்று ஒருவர் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பிழையைப் பெயராக வைத்துவிட்டோமா? மாற்றிவிடலாமா?"

குரலில் உண்மையான கவலை இருந்தது. நிகழ்ச்சியில் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. ஆகவே இங்கே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் உச்சரிப்பு. 'இம்' என்பதில் அழுத்தம் கொடுத்து, 'இம்-மொ-ஜென்' என்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் அரிதாகவே காதில் விழும் பெயர். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஓரளவு கேட்கலாம்.

இந்தப் பெயரை உலகுக்குக் கொடுத்தவர் ஷேக்ஸ்பியர். அவர் 1610ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய 'சிம்பலின்' நாடகத்தின் நாயகிதான் இமோஜென். பழைய பிரிட்டனின் அரசன் சிம்பலினுடைய மகள். தந்தைக்குப் பிடிக்காத போஸ்துமஸ் லியோனேட்டஸ் என்பவனை ரகசியமாக மணக்கிறாள். அரசன் மருமகனை நாடு கடத்துகிறான். இத்தாலிக்குப் போன கணவனோ, அங்கே ஐயாக்கிமோ என்ற வஞ்சகனிடம் மனைவியின் கற்பை வைத்துப் பந்தயம் கட்டுகிறான்! அந்த வஞ்சகன் ஒரு பெட்டிக்குள் ஒளிந்து அவளது படுக்கையறைக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது கையில் இருந்த காப்பைக் கழற்றிக்கொண்டு போகிறான். அதைக் கண்ட கணவன் அவளைக் கொன்றுவிடும்படி பணியாளுக்குக் கட்டளை அனுப்புகிறான். பணியாள் அவளைக் காப்பாற்றுகிறான். அவள் ஆண் வேடம் பூண்டு, 'விசுவாசி' என்று பொருள்படும் ஃபிடேல் என்ற பெயரோடு காட்டில் அலைந்து, கடைசியில் உண்மை வெளிப்பட்டுக் கணவனோடு சேர்கிறாள்.

குற்றமற்ற மனைவி, சந்தேகப்பட்ட கணவன். நமக்குப் புதிதில்லாத கதைதானே? பந்தயம் கட்டிய கணவனை இவ்வளவு சுலபமாக மன்னித்துவிடுகிறாளே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத குறை. அது இருக்கட்டும்.

இனி பிழை விவகாரத்துக்கு வருவோம். ஷேக்ஸ்பியர் 1616இல் காலமானார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல்தான் அவருடைய 36 நாடகங்கள் ஒரே பெரிய தொகுப்பாக அச்சேறின. 'முதல் ஃபோலியோ' என்பார்கள். அதன் கடைசி நாடகம் 'சிம்பலின்'. அதற்கு முன் அந்த நாடகம் அச்சில் வந்ததே இல்லை. அந்தத் தொகுப்பில் நாயகியின் பெயர் இமோஜென் என்றே இருக்கிறது.

ஆனால் நாடகத்தை மேடையிலேயே பார்த்த ஒருவர் இருந்தார். சைமன் ஃபோர்மன் என்ற ஜோதிடர். 1611இல் தாம் பார்த்த நாடகங்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தும் போனார். அந்தக் கையெழுத்துக் குறிப்பு இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. அதில் நாயகியின் பெயரை அவர் 'இன்னோஜென்' என்று எழுதியிருக்கிறார். அச்சு நூல் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்திய சாட்சி இது!

இன்னொரு தடயம் இதைவிடச் சுவையானது. ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' நாடகம் 1600இல் அச்சானது. அதில் லியோனேட்டோ என்பவருக்கு இன்னோஜென் என்றொரு மனைவி இருப்பதாக மேடைக் குறிப்பு சொல்கிறது. பாவம், அந்த அம்மாளுக்கு நாடகம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லை. கவனியுங்கள்: அங்கே லியோனேட்டோவின் மனைவி இன்னோஜென், இங்கே லியோனேட்டஸின் மனைவி இமோஜென். ஒரே ஜோடிப் பெயரை ஆசிரியர் மனத்தில் வைத்திருந்து மறுபடியும் எடுத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.

இன்னோஜென் என்ற பெயர் அவர் கற்பனையும் அல்ல. அவர் அடிக்கடி புரட்டிய ஹாலின்ஷெட் வரலாற்று நூலில், பிரிட்டனின் முதல் அரசனாகப் புராணம் சொல்லும் புரூட்டஸின் மனைவி பெயர் இன்னோஜென். கதையின் வேர் இன்னும் பழையது. 12ஆம் நூற்றாண்டில் மோன்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய நூலிலேயே இந்த அரசி சற்றே வேறு வடிவப் பெயரோடு வருகிறாள்.

அப்படியானால் 'ன்னோ' எப்படி 'மோ' ஆனது? அக்காலக் கையெழுத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்துக்கு இரண்டு நிமிர்ந்த கோடுகள், 'எம்' எழுத்துக்கு மூன்று. இரண்டு 'என்' சேர்ந்தால் நான்கு கோடுகள் வரிசையாக நிற்கும். மங்கிய மையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் படியெடுப்பவரோ அச்சுக் கோப்பவரோ ஒரு கோட்டைத் தவறவிட்டால் போதும், இரண்டு 'என்' ஓர் 'எம்' ஆகிவிடும். ஒரே ஒரு கோடு!

நம் மலேசிய வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோட்டத்துக் காலத்தில் பதிவு செய்த கிராணியார் காதில் விழுந்தபடி எழுதியதால் அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, தம்பிக்கு வேறோர் எழுத்துக்கூட்டு என்று பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை!

1986இல் ஸ்டான்லி வெல்ஸ், கேரி டெய்லர் ஆகியோர் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்ட் ஷேக்ஸ்பியர் தொகுப்பு துணிந்து நாயகியின் பெயரை இன்னோஜென் என்று திருத்திவிட்டது. எல்லாரும் ஏற்கவில்லை. நாடகத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிழையாகுமா, ஆசிரியரே பின்னால் மாற்றியிருக்கலாமே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் ஃபோர்மனின் சாட்சியைத் தள்ளிவிட முடியவில்லை. என்னைக் கேட்டால், பிழை என்று சொல்பவர்கள் பக்கமே தராசு சாய்கிறது. 2016இல் நடந்ததைப் பாருங்கள். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இன்னோஜென் என்ற பெயரோடு நாடகத்தை நடத்தியது. அதே ஆண்டு லண்டன் குளோப் அரங்கமோ நாடகத்தின் தலைப்பையே 'இமோஜென்' என்று மாற்றி மேடையேற்றியது!

பொருள் என்ன? இன்னோஜென் என்பது கேலிக் மொழியில் பெண், மகள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பரவலான விளக்கம். நமது 'குமாரி' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லத்தீன் மொழியோடு முடிச்சுப் போட்டு 'மாசற்றவள்' என்று பொருள் சொல்லும் பெயர்க் கையேடுகளும் உண்டு. நாயகியின் குணத்துக்கு அது பொருந்துகிறது, அவ்வளவுதான்.

சரி, சகோதரியின் கேள்விக்கு என்ன பதில்? மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். பிழை 1623இல் நடந்தது. அதற்குப் பிறகு நானூறு ஆண்டுகளாக அந்தப் பெயரில் நாவல் வந்திருக்கிறது. வில்லியம் காட்வின் 1784இலேயே ஒன்று எழுதினார். அந்தப் பெயரில் பெண்கள் பிறந்து, வாழ்ந்து, சாதித்திருக்கிறார்கள். 'செட்ரிக்' என்ற பெயரும் இப்படித்தான். செர்டிக் என்ற பழைய அரசன் பெயரை வால்டர் ஸ்காட் 1819இல் வந்த 'ஐவன்ஹோ' நாவலில் எழுத்து மாற்றி எழுதியதால் வந்தது என்பார்கள். நம் ஊர் செட்ரிக்குகள் யாரும் அதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

சாதித்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாம் (1883-1976). ஷேக்ஸ்பியரின் நாயகியை நினைத்துத் தந்தை வைத்த பெயர். 1920களில் இவர் எடுத்த மக்னோலியா மலர்ப் படம் புகைப்பட வரலாற்றில் இடம்பெற்றது. மற்றவர் இசையமைப்பாளர் இமோஜென் ஹோல்ஸ்ட் (1907-1984). வேடிக்கை என்னவென்றால் இருவருக்கும் பிறந்த நாள் ஏப்ரல் 12!

ஹோல்ஸ்டின் தந்தை 'தி பிளானெட்ஸ்' இசைக்குப் புகழ்பெற்ற குஸ்தாவ் ஹோல்ஸ்ட். சமஸ்கிருதம் கற்று ரிக் வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர். 1906இல் 'சீதா' என்ற இசை நாடகத்தை எழுதி முடித்தார். அவர் வாழ்நாளில் அது மேடையேறவே இல்லை. 1908இல் 'சாவித்ரி' எழுதினார். இந்த இரண்டுக்கும் நடுவே, 1907இல் பிறந்த தம் ஒரே மகளுக்கு அவர் வைத்த பெயர் இமோஜென். சீதை, இமோஜென், சாவித்திரி! அவர் மனத்தில் என்ன ஓடியது என்று ஊகிக்கத் தோன்றுகிறது அல்லவா? அந்த மகளும் 1950ஆம் ஆண்டின் இறுதியில் தாகூரின் சாந்திநிகேதனுக்குச் சென்று சில வாரங்கள் தங்கி இந்திய இசை பயின்றார்.

செல்வாக்கைப் பொறுத்தவரை அமெரிக்காவும் பிரிட்டனும் எதிரெதிர். அமெரிக்காவில் இறுதியில் 'இ' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து 'இமொஜீன்' என்றார்கள். 1920, 30களில் அது ஓரளவு வழக்கில் இருந்து, பிறகு பாட்டிமார் பெயராகிவிட்டது. 1950களின் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்த நகைச்சுவை நடிகை இமொஜீன் கோக்கா அந்த வரிசை. பிரிட்டனிலோ 2000களிலும் 2010களிலும் இமோஜென் முதல் 100 பெண் பெயர்களில் ஒன்றாக இருந்தது. பாடகி இமோஜென் ஹீப், நடிகை இமோஜென் பூட்ஸ் ஆகியோரும் பெயரை மக்கள் காதில் ஒலிக்கச் செய்தார்கள்.

பெயரை வைக்க எண்ணும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிறப்பைப் பதிவு செய்யும்போது இறுதியில் 'இ' எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, பெரிய எழுத்தில் தாளில் எழுதி முகப்பிடத்தில் கொடுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள், முக்கியமாக அந்த 'எம்' இருக்கும் இடத்தை.